டெக்சஸ்ல கருக்கலைப்பு பில்களை ஃபாலோ பண்றது எப்படி: பில் நம்பரை மட்டும் நம்பாதீங்க

2025 ஜூன் மாசம் நான் ஒரு முட்டாள்தனம் பண்ணேன். எஸ்பி 2880-னு (எஸ்பின்னா செனட் பில்) ஒரு பில், அதாவது சட்ட மசோதா, கருக்கலைப்பு மாத்திரை தயாரிக்கிறவங்க மேலயும் டெக்சஸுக்குத் தபால்ல அனுப்புறவங்க மேலயும் தனி ஆளுங்களே கேஸ் போடலாம்னு சொல்ற பில், அது பின்னாடியே சுத்திட்டு இருந்தேன். மேல்சபையான செனட்ல பாஸ் ஆச்சு, கீழ்சபையான ஹவுஸுக்கு வந்துச்சு, ஆனா ஹவுஸ்ல முழு சபை ஓட்டுக்கு வராமலே செஷன் (கூட்டத்தொடர்) முடிஞ்சிருச்சு. சரி கதை முடிஞ்சதுன்னு லிஸ்ட்ல இருந்து தூக்கிட்டேன், அலர்ட்டையும் நிறுத்திட்டேன். செப்டம்பர்ல ஒரு தோழி வாட்ஸப்ல "அந்த மாத்திரை பில்லுல கவர்னர் கையெழுத்து போட்டுட்டாராமே, நீ பார்க்கலையா"ன்னு கேக்குறா. பார்த்தா அதே சரக்கு, அங்கங்க வெட்டித் தைச்சு, ஹெச்பி 7-ங்கிற பேர்ல (ஹெச்பின்னா ஹவுஸ் பில்) ஸ்பெஷல் செஷன்ல உள்ள வந்து ரெண்டு சபையையும் தாண்டிருச்சு, டிசம்பர் 4-ல இருந்து சட்டமும் ஆயிருச்சு. எனக்கு ஒரு மெயில் கூட வரலை. எப்படி வரும், நான் கேட்டு வச்சிருந்தது 2880-ஐத்தானே.

அதனால இதைப் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு எழுதுறேன். டெக்சஸ்ல இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு, குறிப்பா குழந்தை பெத்துக்குற வயசுல இருக்கிறவங்களுக்கு, இது பேப்பர்ல படிச்சு மறக்குற விஷயம் இல்ல, ஆஸ்பத்திரில டாக்டர் என்ன செய்யலாம் என்ன செய்யக்கூடாதுங்கிறது இங்கதான் முடிவாகுது. நீங்க எந்தப் பக்கம்னு நான் கேக்கலை, எந்தப் பக்கமா இருந்தாலும் வழி ஒண்ணுதான்.

முதல்ல காலண்டர்

டெக்சஸ் சட்டசபை நம்ம ஊர் மாதிரி வருஷா வருஷம் கூடாது. ஒற்றைப்படை வருஷத்துல மட்டும், ஜனவரி ரெண்டாவது செவ்வாய்க்கிழமை ஆரம்பிச்சு 140 நாள், அவ்வளவுதான். ஹவுஸ்ல 150 பேர், செனட்ல 31 பேர். அந்த 140 நாளுக்குள்ள எட்டாயிரத்துக்கு மேல பில் வரும் (2023-லயும் 2025-லயும் அப்படித்தான்), அதுல பெரும்பாலானது செத்துப்போகும். அதனால எது வருதுன்னு பார்க்கிறதை விட, எது எந்தத் தேதியத் தாண்டலைன்னு பார்க்கிறதுதான் பாதி வேலை.

மனசுல வச்சுக்க வேண்டிய நாள் நாலு. 60-வது நாள், அதுக்கு அப்புறம் சாதாரணமா புது பில் போட முடியாது, அஞ்சுல நாலு பங்கு பேர் ஒத்துக்கணும். 122-வது நாள், ஹவுஸ் பில் ஹவுஸ்ல ரெண்டாவது ரீடிங் (சபையில விவாதமும் திருத்தமும் நடக்கிற கட்டம்) வர்றதுக்கு அதுதான் கடைசி. 134-வது நாள், செனட்ல இருந்து வந்த பில்லுக்கு ஹவுஸ்ல அதே மாதிரி கடைசி. 140, கடையைச் சாத்துற நாள். அந்த 122-வது நாள் ராத்திரி வீடியோவ ஒரு தடவை பாருங்க, எதிர்க்கட்சிக்காரங்க ஒரு சின்ன பில்லப் பத்திக் கேள்வி மேல கேள்வி கேட்டுட்டு இருப்பாங்க, அவங்களுக்கு அந்தப் பில் மேல ஒண்ணும் அக்கறை இல்ல, கடிகாரம் 12 அடிச்சா வரிசைல பின்னாடி இருக்கிற பில் எல்லாம் காலி, அதுக்குத்தான்.

அப்புறம் ஸ்பெஷல் செஷன். கவர்னர் எப்ப வேணா கூப்பிடலாம், அதிகபட்சம் 30 நாள், அவர் லிஸ்ட்ல சொன்ன விஷயத்தை மட்டும்தான் எடுக்கலாம். எத்தனை தடவை வேணா கூப்பிடலாம், லிமிட் கிடையாது. நான் ஏமாந்தது இங்கதான். 2025 கோடைல தொகுதி வரையறை சண்டைல டெமாக்ரடிக் ஆளுங்க மாநிலத்தை விட்டே போயிட்டாங்க, டிவி எல்லாம் அதையேதான் காட்டிட்டு இருந்துச்சு, அந்தக் கூச்சலுக்கு நடுவுல கவர்னரோட லிஸ்ட்ல கருக்கலைப்பும் ஒரு வரியா உக்காந்திருந்ததை நான் படிக்கவே இல்ல. ஸ்பெஷல் செஷன்னு அறிவிப்பு வந்தா முதல்ல அந்த லிஸ்டைப் படிங்க, சின்னதாத்தான் இருக்கும்.

சைட்டுல என்ன செய்யணும்

சட்டசபையோட அதிகாரபூர்வ சைட்டுக்குப் பேரு டெக்சஸ் லெஜிஸ்லேச்சர் ஆன்லைன், எல்லாரும் டிஎல்ஓம்பாங்க. பார்க்க 2000-வாக்குல செஞ்ச ஐஆர்சிடிசி மாதிரி இருக்கும், ஆனா வேலை சுத்தமா நடக்கும், காசும் கிடையாது. அதுல மை டிஎல்ஓன்னு ஒரு அக்கவுண்ட் ஓபன் பண்ணிக்கங்க.

பில் நம்பர் போடுற பெட்டி பக்கத்துல செஷனைத் தேர்ந்தெடுக்குற ஒரு டிராப்டவுன் இருக்கும். அதைப் பார்க்காம நம்பர் போட்டா வேற எங்கயோ போய் நிப்பீங்க, ஏன்னா ஒவ்வொரு செஷனுக்கும், ஸ்பெஷல் செஷனுக்கும் கூட, நம்பர் திரும்ப ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கும். எஸ்பி 4-ஐயே எடுத்துக்கங்க. 2017-ல எஸ்பி 4-ன்னா குடியேற்றத்துல நகராட்சிகள் ஒத்துழைக்கணும்ங்கிற சட்டம். 2021 ரெண்டாவது ஸ்பெஷல் செஷன்ல எஸ்பி 4-ன்னா கருக்கலைப்பு மாத்திரை கட்டுப்பாடு. 2023 நாலாவது ஸ்பெஷல்ல எஸ்பி 4-ன்னா அனுமதி இல்லாம எல்லை தாண்டுறது மாநிலக் குற்றம்னு சொன்ன சட்டம். 2025 ரெகுலர்ல எஸ்பி 4-ன்னா வீட்டு வரிச் சலுகை. யாராவது வாட்ஸப் குரூப்ல வெறுமனே "எஸ்பி 4 பாஸ் ஆயிடுச்சு"ன்னு போட்டா எந்த வருஷம்னு கேளுங்க. டிராப்டவுன்ல 89(ஆர்)-னா 89-வது சட்டசபையோட ரெகுலர் செஷன், 89(2)-ன்னா ரெண்டாவது ஸ்பெஷல். ஹெச்பி 7 இருக்கிறது 89(2)-ல.

அப்புறம் அலர்ட். நம்பர் அலர்ட் எல்லாரும் போடுவாங்க, நானும் அதை மட்டும்தான் போட்டிருந்தேன். அதோட சேர்த்து இன்னும் ரெண்டு போடணும். ஒண்ணு சப்ஜெக்ட் அலர்ட், ஒவ்வொரு பில்லுக்கும் அவங்களே தலைப்பு ஒட்டி வைப்பாங்க, அந்தத் தலைப்புல எது புதுசா வந்தாலும் மெயில் வரும். இன்னொண்ணு கமிட்டி அலர்ட். கருக்கலைப்பு சம்பந்தமான பில் ரெண்டு சபையிலயும் பெரும்பாலும் ஸ்டேட் அஃபேர்ஸ் கமிட்டிக்குப் போகும், சிலது ஹவுஸ்ல பப்ளிக் ஹெல்த், செனட்ல ஹெல்த் அண்ட் ஹியூமன் சர்வீசஸ். இந்த நாலு கமிட்டியோட நோட்டீஸ் மெயிலுக்கு வந்துட்டாலே பாதிக் கிணறு தாண்டின மாதிரி. புது செஷன் ஆரம்பிச்சா எல்லா அலர்ட்டையும் நான் முதல்ல இருந்து போட்டுடுவேன், பழசு தானா நடக்கும்னு நம்புறதில்ல.

தேடுறப்போ "கருக்கலைப்பு"க்கான இங்கிலீஷ் வார்த்தைய மட்டும் போட்டுத் தேடினா முக்கியமானது நழுவிடும். 2023-ல ஹெச்பி 3058-னு ஒண்ணு, ஹூஸ்டன் டெமாக்ரட் ஆன் ஜான்சன் கொண்டு வந்தது, செனட்ல ரிபப்ளிகன் பிரையன் ஹியூஸ் எடுத்துட்டுப் போனாரு, ஆமா, 2021-ல இதயத்துடிப்பு சட்டம் எஸ்பி 8-ஐக் கொண்டு வந்த அதே ஹியூஸ்தான். கர்ப்பம் கருப்பைக்கு வெளிய தங்கிட்டாலும், குழந்தை பிழைக்கிற கட்டத்துக்கு முன்னாடியே பனிக்குடம் உடைஞ்சாலும், சிகிச்சை பண்ணின டாக்டர் கோர்ட்ல தன்னைக் காப்பாத்திக்க ஒரு வாதத்தை அது குடுத்துச்சு. ஆனா பில்லோட தலைப்பு என்னமோ கர்ப்பிணிக்குச் சில மருத்துவ சிகிச்சை தர்றது சம்பந்தமானதுன்னு மொட்டையாத்தான் இருந்துச்சு. சத்தமே இல்லாமப் பாஸ் ஆச்சு, அதுவும் வேணும்னேதான், சத்தம் போட்டிருந்தா போயிருக்கும்னு நான் நினைக்கிறேன். அதே வருஷம் பிரசவத்துக்கு அப்புறம் மெடிக்கெய்டை (வருமானம் கம்மியா இருக்கிறவங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) 12 மாசம் நீட்டின ஹெச்பி 12, அதுவும் இந்தக் கணக்குதான். அதனால கர்ப்பிணி, பிறக்காத குழந்தை, பிரசவத்துக்குப் பிறகு, கருத்தடை, மெடிக்கெய்டு, இதுக்கெல்லாம் உள்ள இங்கிலீஷ் வார்த்தைகளையும் போட்டுத் தேடுங்க.

இதை விட உறுதியான வழி ஒண்ணு இருக்கு. எந்தப் பேர்ல வந்தாலும் பில் எதையோ ஒரு சட்டப் புத்தகத்துல திருத்தணும் இல்லையா. டெக்சஸ்ல கருக்கலைப்பு சட்டம் முக்கியமா ஹெல்த் அண்ட் சேஃப்டி கோடுல 170ஏ, 171-ங்கிற ரெண்டு அத்தியாயத்துல இருக்கு. 171-லதான் எஸ்பி 8 உக்காந்திருக்கு, ஏறக்குறைய 6 வாரத்துலயே தடை, உதவி பண்ணினவங்க மேல யாரும் குறைஞ்சது 10,000 டாலருக்குக் கேஸ் போடலாம்ங்கிறது. 170ஏ-ல இருக்கிறது ஹெச்பி 1280, 2021-லயே பாஸ் பண்ணி வச்சு, ரோ தீர்ப்பு (கருக்கலைப்பு ஒரு உரிமைன்னு 1973-ல சுப்ரீம் கோர்ட் சொன்னது) கவுந்தா 30 நாள்ல அமலாகட்டும்னு விட்டு, 2022 ஆகஸ்ட் 25-ல அமலுக்கு வந்த முழுத்தடை. பில் உள்ளுக்குள்ள இருக்கிற வரிகளைத் தேடுற வசதி டிஎல்ஓல இருக்கு, அதுல இந்த அத்தியாய நம்பரைப் போட்டுத் தேடுங்க. தலைப்பை எப்படி வேணா மாத்தலாம், இந்த நம்பரை எழுதாம இந்த அத்தியாயங்கள்ல இருக்கிற சட்டத்தைத் திருத்த முடியாது.

பில்லை எங்க இருந்து படிக்கணும்

கடைசில இருந்து. நிஜமாத்தான் சொல்றேன். கடைசி செக்‌ஷன்லதான் எப்ப அமல்னு இருக்கும், பெரும்பாலும் செப்டம்பர் 1. ரெண்டு சபையிலயும் மூணுல ரெண்டு பங்கு ஓட்டு கிடைச்சா உடனே அமல்னு எழுதியிருந்தா உஷாராகிக்கங்க. அதுக்கு முந்தின செக்‌ஷன்ல இது யாருக்குப் பொருந்தும், பழைய சம்பவத்துக்குப் பொருந்துமா பொருந்தாதான்னு இருக்கும். அதைப் படிச்சுட்டு மேல போனா நடுவுல இருக்கிறது பயமுறுத்தாது.

அடிக்கோடு போட்டது புதுசா சேர்க்கிறது, அடைப்புக்குறி போட்டு நடுவுல கோடு இழுத்தது எடுக்கிறது, எதுவுமே இல்லாம இருக்கிறது ஏற்கனவே சட்டம். முதல் தடவை படிக்கிறவங்க மூணாவதைப் பார்த்து பதறிடுவாங்க, ஐயோ இப்படிச் சொல்றாங்களேன்னு, அது பத்து வருஷமா அங்கயேதான் இருக்கும். வாட்ஸப்ல சுத்துற ஸ்க்ரீன்ஷாட்ல பாதி இந்தக் கதைதான்.

அடுத்து, எந்த வெர்ஷன்? ஒவ்வொரு பில்லுக்கும் டெக்ஸ்ட் பக்கத்துல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா இருக்கும்: இன்ட்ரொட்யூஸ்டு, கமிட்டி ரிப்போர்ட், எங்க்ராஸ்டு (ஒரு சபை பாஸ் பண்ணினது), மறுபடி அடுத்த சபையோட கமிட்டி ரிப்போர்ட், கடைசியா என்ரோல்டு (ரெண்டு சபையும் பாஸ் பண்ணின கடைசி வடிவம்). கமிட்டில "சப்ஸ்டிட்யூட்"னு ஒண்ணைப் போட்டு பில்லை முழுசாவே மாத்திடுவாங்க, நம்பர் மட்டும் அதேதான். 2025-ல எஸ்பி 31, தாயோட உயிர் சம்பந்தமான பில், எந்த அவசரத்துல டாக்டர் தலையிடலாம்னு தெளிவு பண்றதுக்காக வந்தது. முதல் வெர்ஷனைப் படிச்ச சிலர், இது ரோ தீர்ப்புக்கு முந்தின 1925 காலத்துப் பழைய சட்டத்துக்கு உயிர் குடுத்துடும், அப்படி ஆச்சுன்னா கருக்கலைப்புக்கு உதவினவங்களையும் ஏன் அந்தப் பொண்ணையுமே கூட கோர்ட்டுக்கு இழுக்கலாம்னு சத்தம் போட்டாங்க. அப்புறம்தான் அந்தப் பழைய சட்டம் செல்லுமா செல்லாதான்னு இந்தப் பில் ஒண்ணும் சொல்லலைன்னு வரி சேர்த்தாங்க. முதல் வெர்ஷனை வச்சே ஜூன் வரைக்கும் சண்டை போட்டவங்களையும் பார்த்தேன், கடைசி வெர்ஷனை மட்டும் படிச்சுட்டு இதுக்கு எதுக்கு அவ்வளவு கத்துனாங்கன்னு கேட்டவங்களையும் பார்த்தேன். நான் ரெண்டு பிடிஎஃப்-ஐயும் பக்கத்துல பக்கத்துல திறந்து வச்சு, மாறின இடத்தைப் பென்சில்ல குறிச்சுப்பேன், அரை மணி நேரம் ஆகும்.

ஸ்டேட்டஸ் வரிக்கு என்ன அர்த்தம்

ஹிஸ்டரி பக்கத்துல வர்ற வரியெல்லாம் ஏதோ கோர்ட் டைரி மாதிரி இருக்கும். "ரெஃபர்டு டு" ஒரு கமிட்டின்னா அந்தக் கமிட்டிக்கு அனுப்பிட்டாங்க, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல, நிறைய பில்லுக்கு இதுதான் கடைசி வரி. "லெஃப்ட் பெண்டிங்"னா ஹியரிங் (கமிட்டி மக்கள் கருத்தைக் கேக்குற கூட்டம்) நடந்துச்சு, ஓட்டு எடுக்கலை, சேர்மன் மனசு வச்சா நாளைக்கே எடுக்கலாம், வைக்கலைன்னா அப்படியே ஊறிக் கிடக்கும். இதை செத்துடுச்சுன்னு எடுத்துக்காதீங்க. ஹவுஸ்ல கமிட்டி பாஸ் பண்ணினாலும் பில் காலண்டர்ஸ்னு இன்னொரு கமிட்டிக்குப் போகும், எந்த நாள் எதை எடுக்கிறதுன்னு முடிவு பண்றது அவங்கதான், டெக்சஸ் அரசியல்ல நிறைய பில்லுக்கு சுடுகாடு அதுதான், யாரும் எதிர்த்து ஓட்டுப் போட்டதா ரெக்கார்டே இருக்காது. செனட்ல பில்லை எடுக்க 31-ல 18 பேர் வேணும், அங்க இன்டென்ட் காலண்டர்னு ஒரு லிஸ்ட் வரும், உங்க பில் அதுல ஏறிடுச்சுன்னா சீக்கிரம் ஓட்டுக்கு வரலாம்னு அர்த்தம்.

ரெண்டாவது ரீடிங்தான் நிஜமான சண்டை, திருத்தம் எல்லாம் அங்கதான் வரும், மூணாவது ரீடிங் பெரும்பாலும் சம்பிரதாயம். அடுத்த சபை திருத்தினா பிறந்த சபைக்கே திரும்பி வரும், ஒத்துக்கிட்டா கான்கர், இல்லைன்னா ரெண்டு சபையில இருந்தும் அஞ்சஞ்சு பேர் உக்காந்து பேசுவாங்க. கவர்னருக்கு ஞாயிறு போக 10 நாள், செஷன் முடியுற சமயத்துல போச்சுன்னா முடிஞ்சதுல இருந்து 20 நாள். அவர் கையெழுத்தே போடலைன்னாலும் சட்டம் ஆயிடும், வீட்டோ பண்ணினாதான் போகும்.

பில் பக்கத்துல "கம்பேனியன்"னு ஒரு நம்பர் இருந்தா அதையும் லிஸ்ட்ல சேருங்க, அது அடுத்த சபையில இருக்கிற இரட்டைப்பிள்ளை. ஒண்ணு படுத்துட்டாலும் இன்னொண்ணு ஓடும்.

ஹியரிங்

ஹவுஸ் கமிட்டி ரெகுலர் செஷன்ல 5 நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும், செனட்ல 24 மணி நேரம் போதும், ஸ்பெஷல் செஷன்ல ஹவுஸுக்கும் 24 மணி நேரம்தான். அதாவது திங்கட்கிழமை மெயில் பார்க்கலைன்னா செவ்வாய்க்கிழமை முடிஞ்சு போயிருக்கும். நோட்டீஸ்ல நேரத்துக்குப் பக்கத்துல "அல்லது சபை ஒத்திவைத்த பிறகு"ங்கிற மாதிரி ஒரு வரி இருந்தா அன்னிக்கு வேற வேலை வச்சுக்காதீங்க. காலைல எட்டு மணின்னு போட்டிருந்த ஒண்ணுக்கு நான் டல்லாஸ் பக்கத்துல இருக்கிற ஃப்ரிஸ்கோல இருந்து விடியக்காலம் நாலு மணிக்குக் கிளம்பி, தலைநகர் ஆஸ்டின் போய்ச் சேர்ந்து, பேர் குடுத்து, மூணு நிமிஷம் பேச ராத்திரி ஒன்பது மணி ஆச்சு, கட்டிட்டுப் போன எலுமிச்சை சாதத்தை பக்கத்துல உக்காந்திருந்த எதிர்த்தரப்பு பாட்டியம்மாவோட பங்கு போட்டுச் சாப்பிட்டேன். கேப்பிட்டல்ல (சட்டசபைக் கட்டிடம்) கமிட்டி ரூம் நிறைய பூமிக்கு அடியில இருக்கிற எக்ஸ்டென்ஷன்ல இருக்கு, ஏசி குளிரும், ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க.

பேர் குடுக்கிறது அங்க வச்சிருக்கிற ஸ்க்ரீன்ல நீங்களே பண்ணிக்கலாம், ஆனா வீட்டுல இருந்து முடியாது, நேர்ல வந்திருக்கணும். ஆதரவா, எதிர்ப்பா, இல்ல பொதுவா பேசுறீங்களான்னு கேக்கும். பேசாம பேரை மட்டும் பதிவு பண்ணிட்டும் வரலாம், அதுவும் கணக்குல வரும். வர முடியாதவங்களுக்கு ஹவுஸ்ல ஆன்லைன்ல கருத்து எழுதுற பக்கம் இருக்கு, டெக்சஸ்ல வசிக்கிறவங்களா இருக்கணும், சிட்டிசனா இருக்கணும்னு அவசியம் இல்ல, ஹெச்1பில இருக்கிறவங்களும் எழுதலாம். ஹியரிங் முடியுறதுக்குள்ள எழுதணும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, பேசினாலும் எழுதினாலும் உங்க பேர் பப்ளிக் ரெக்கார்டுல நிக்கும், நாளைக்கு யார் கூகுள் பண்ணினாலும் வரும். ஆஸ்பத்திரி கதைய எழுதறீங்கன்னா மத்தவங்க பேரையும் விவரத்தையும் இழுக்காதீங்க.

உங்க ஹவுஸ் மெம்பர் யாரு, செனட்டர் யாருன்னு அட்ரஸ் போட்டாலே டிஎல்ஓ காட்டும். ஆபீஸுக்கு போன் பண்ணினா ஒரு சின்னப் பையனோ பொண்ணோ எடுக்கும், பில் நம்பர், ஜிப் கோடு, ஆதரவா எதிர்ப்பா, மூணையும் சொல்லிட்டு வச்சிடலாம், ஒரு நிமிஷம்தான். எம்எல்ஏ ஆபீஸ் வாசல்ல மனு வச்சுட்டு நிக்கிற பழக்கத்துல வந்த நமக்கு நம்பவே முடியாது, ஆனா அவங்க நிஜமாவே எண்ணி வைக்கிறாங்க.

செத்துப்போன பில்லுக்கு ஒரு தனி லிஸ்ட்

கடைசியா இது, நான் பட்டுத் தெரிஞ்சுகிட்டது. எந்தப் பில்லையும் அழிக்காதீங்க, "செத்தது"ன்னு ஒரு தனி ஷீட்டுக்கு மாத்துங்க. மூணே விவரம் போதும், நம்பரும் செஷனும், எந்த அத்தியாயத்தைத் திருத்துச்சு, ஒரே வரில என்ன பண்ணப் பார்த்துச்சு. 2013-ல எஸ்பி 5-ங்கிற கருக்கலைப்புக் கட்டுப்பாட்டு பில்லை டெமாக்ரடிக் செனட்டர் வெண்டி டேவிஸ் ரோஸ் கலர் ஷூ போட்டுக்கிட்டு ஜூன் 25-ம் தேதி மணிக்கணக்கா நின்னுகிட்டே பேசிச் சாகடிச்சாங்க, உலகம் பூரா நியூஸ், அடுத்த மாசமே ஹெச்பி 2-ங்கிற பேர்ல அதே பில் இன்னொரு ஸ்பெஷல் செஷன்ல வந்து பாஸ் ஆச்சு, அப்புறம் 2016-ல சுப்ரீம் கோர்ட் போய்த்தான் அதோட முக்கியமான பகுதி விழுந்துச்சு. இவ்வளவு தெரிஞ்சிருந்தும் 2880-ல நான் கோட்டை விட்டேன்.

இப்ப என் ஷீட்ல அடுத்த வரிசை தேதி எல்லாம் போட்டு வச்சாச்சு: முன்கூட்டியே பில் போட ஆரம்பிக்கிறது 2026 நவம்பர் 9, செஷன் 2027 ஜனவரி 12, 60-வது நாள் மார்ச் 12, 122-வது நாள் மே 13, 134-வது மே 25, முடியுறது மே 31. நவம்பர் 9-ம் தேதி சாயங்காலம் ஒரு காபியப் போட்டுக்கிட்டு, டிராப்டவுனை 90(ஆர்)-க்கு மாத்தி, 170ஏ-ன்னும் 171-ன்னும் போட்டு ஒரு தடவை தேடிப் பாருங்க. ஜூன் மாசம் ஆனதும் அலர்ட்டை ஆஃப் பண்ணாதீங்க.